பழைய படகுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

மேல்மலையனூரில் கடல் கிடையாது. மரக்காணத்துக்குப் போய் அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி எண்பது கிலோமீட்டர் போயாக வேண்டும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பழைய மீன்பிடிப் படகுக்கு இன்சூரன்ஸ் தேடினேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவிலும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்கு ஒரு சங்கதி மறந்துபோயிருந்தது. அங்காளம்மனுக்குப் பூசை செய்யும் பரம்பரை உரிமை பர்வதராஜகுலத்தாருக்கு. ஊர்வழக்கில் செம்படவர். ஏரி, குளம், ஆறு என்று உள்நாட்டுத் தண்ணீரில் வலை வீசிப் பிழைத்த சனம் நாங்கள். அப்பா விடியற்காலையில் ஏரியில் இறங்குவார். கோயிலில் எங்கள் முறை வந்தால் குளித்து முழுகி, விபூதி பூசி, கற்பூரத் தட்டைக் கையில் எடுப்பார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்கில் கெளுத்தி வாடை கொஞ்சம் தங்கியிருக்கும். அம்மன் அதைப் பற்றி ஒருநாளும் புகார் சொன்னதில்லை.

ஏரிக்கு அப்பா வைத்திருந்த கலம் ஒரு லாரி டியூப். நடுவில் பலகையை வைத்துக் கட்டியிருப்பார். ஏரியின் மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஆள் அனுப்பினால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குப் பதிவு எண் கிடையாது, ஆர்.சி. புத்தகம் கிடையாது, வயதும் கிடையாது. டயர் தேய்ந்து ஓய்ந்த ஏதோ ஒரு லாரியின் வயிற்றிலிருந்து வந்தது என்பதோடு அதன் வரலாறு முடிந்தது. எத்தனை பஞ்சர் ஒட்டியிருக்கிறது என்று எண்ணினால் அதன் அனுபவம் தெரியும். அந்த டியூப் கிழிந்தால் திண்டிவனம் ரோட்டில் இன்னொரு டியூப். நஷ்டஈடு என்ற பேச்சுக்கே அங்கே வேலையில்லை.

கடல் பேச்சு எங்கள் வீட்டுக்கு அமாவாசை தோறும் வந்தது. அன்றைக்கு ராத்திரி அம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். சென்னை, புதுச்சேரி, வேலூர், திருவண்ணாமலை என்று எல்லாத் திக்கிலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும். இப்போது சிறப்புப் பேருந்துகள் வரிசை கட்டுகின்றன, அப்போது லாரிதான். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஒரு லாரி நிறைய வருபவர்களில் ஒரு குடும்பம் எங்கள் திண்ணையில்தான் படுக்கும். கருவாட்டுப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாயை அப்பாவிடம் நீட்டுவார்கள். புயல் அடித்த மாதத்தில், கட்டுமரம் கரை சேர்ந்தால் கொண்டுவந்து போடுகிறேன் என்று வேண்டி முடிந்த காசு.

அப்பா காசை உண்டியலில் போடச் சொல்வார். எலுமிச்சம்பழத்தை அம்மன் காலடியில் வைத்து எடுப்பார். எடுத்ததைச் சட்டென்று கொடுக்க மாட்டார். கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்:

“கயிறு மாத்தினியாடா?”

“தை மாசம் மாத்திக்கிறேன் சாமி.”

“அப்ப பழத்தையும் தை மாசமே வந்து வாங்கிக்க.”

கூட்டம் சிரிக்கும். அந்த மனுஷர் தலையைச் சொறிவார். அப்பா விடமாட்டார். கடலையே சரியாகப் பார்த்திராதவர். ஆனால் கட்டுமரத்தில் கயிறுதான் உயிர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்ததுதான் கட்டுமரம். ஆணி கிடையாது. மீன்பிடித்துக் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் பரப்பிக் காயவிடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். ஒரு மரம் உளுத்தால் அந்த மரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் அந்தக் கட்டுமரத்துக்கு என்ன வயது? தினசரி பிரிந்து தினசரி பிறக்கிற பொருளுக்கு வயது சொல்ல அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, நல்ல வேளை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கயிறு மாற்றாதவனுக்குப் பழம் கிடையாது என்றால், கயிறு மாற்றியும் திரும்பி வராதவனுக்கு எதுவுமே கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தார் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் அரிசி வரும். பிறகு அந்த வீட்டுப் பெண் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாள். அந்தக் கூடைக்காரிகளில் சிலரை எங்கள் திண்ணையில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அப்பா கயிறு பற்றிக் கேட்டதில்லை.

திண்ணையில் படுத்த குடும்பத்தில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நான் பள்ளிக்கூடம் போய், எழுத்தர் வேலைக்குப் போய், கோப்புகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றேன். அவன் கடலுக்குப் போனான். இன்றைக்கும் என்னை “அண்ணே” என்பான். நான் அவனைத் “தம்பி” என்பேன். வயதில் மூத்தவன் யார் என்பது இரண்டு பேர் வீட்டிலும் தெரியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. அன்று பௌர்ணமி. அமாவாசையாக இருந்திருந்தால் நாங்கள் எல்லாம் கோயில் வாசலில் இருந்திருப்போம் என்று தம்பி பல முறை சொல்லியிருக்கிறான். கட்டுமரத்து மரங்கள் தென்னந்தோப்புக்குள் சிதறிக் கிடந்தன. அதற்குப் பிறகு நிவாரணம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பைபர் படகுகளை இறக்கின. நான்கு பேருக்கு ஒரு படகு என்று ஒரு கணக்கு. தம்பியின் குழுவுக்கும் ஒன்று வந்தது. கண்ணாடி இழையில் செய்தது, வெள்ளை நிறம், பக்கவாட்டில் தானம் கொடுத்தவர்களின் முத்திரை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாலை போட்டுக்கொண்டு அதன் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். முதல் வருஷத்துக்கு இன்சூரன்ஸும் அவர்களே போட்டுக் கொடுத்தார்களாம். இரண்டாம் வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புதுப் படகுக்கு எதற்கு இன்சூரன்ஸ்?

கவனியுங்கள். படகு புதிதாக இருந்தபோது கம்பெனிகள் தயாராக இருந்தன. இவர்கள் தயாராக இல்லை. படகு பழசானதும் இவர்கள் தயாரானார்கள்.

தயாராக்கியது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, கடந்த கையோடு நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. ஏரிகள் நிரம்பி வழிந்தன, சங்கராபரணி ஆறு புரண்டு ஓடியது, வீடூர் அணையைத் திறந்தார்கள். கடற்கரையில் மேட்டுக்கு ஏற்றிவைத்த படகுகள் கூட ஒன்றோடொன்று மோதின. தம்பியின் படகுக்குப் பக்கத்துப் படகு பிளந்துபோனது. தம்பியுடையது தப்பியது. தப்பியவர்களுக்குத்தான் பயம் அதிகம். தை அமாவாசைக்கு வந்தவன் பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்:

“அண்ணே, போட்டுக்கு இன்சூரன்ஸ் போடணும். நீங்கதான் பாரம் எழுதத் தெரிஞ்சவரு.”

இப்படித்தான் கடல் இல்லாத ஊர்க்காரன் படகு இன்சூரன்ஸ் தேடப் புறப்பட்டேன்.

முதலில் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். குளிர்சாதனம் ஓடியது, உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இளைஞர் ஒருவர், நல்ல பிள்ளை, கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வண்டி எந்த வருஷம்?”

“வண்டி இல்ல சார், போட்டு.”

“அதான், போட்டு எந்த வருஷ மாடல்?”

2005 என்றான் தம்பி. இளைஞரின் விரல் நின்றது. பத்து வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் சர்வே வேண்டும், இருபதைத் தொட்டதென்றால் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. அடிப்பகுதி முழுக்க மேட் போட்டு ரெசின் அடித்துப் புதுசு பண்ணியிருக்கிறோம், அணியம் போன வருஷம் வேலை பார்த்தது, இன்ஜின் மூன்றாவது இன்ஜின், 2005-ல் வந்தது என்று சொல்ல அதில் பாதிகூட மிச்சமில்லை என்றான். இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனா ஆவணத்தில் 2005 தானே இருக்கு?” என்றார். முப்பது வருஷம் எழுத்தராக இருந்த எனக்கு அந்த வாதம் புரிந்தது. நானும் இதே வாக்கியத்தைப் பல பேரிடம் சொன்னவன்.

“வாங்கின பில் இருக்கா?”

“தானமா வந்துது சார்.”

“தானத்துக்கு மதிப்பு எப்படிப் போடறது?”

இந்தக் கேள்விக்கு எங்கள் மூன்று பேரிடமும் பதில் இல்லை. பில் இருந்தால் அதிலிருந்து வருஷத்துக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் கழித்து மதிப்பு வரும். பில்லே இல்லாத பொருளில் எதிலிருந்து எதைக் கழிப்பது? தம்பி தன் சட்டைப்பையிலிருந்து ரெசின் வாங்கிய கடைச்சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் மை மங்கி, கடைப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

அடுத்தது உரிமையாளர். படகு நான்கு பேர் பேரில். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் தன் பங்கை வாய்வார்த்தையாகத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். மூன்றாமவர் வளைகுடாவுக்குப் போனவர் போனவர்தான். நான்காவது ஆள் தம்பி. குப்பத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. மீன் விற்ற பணத்தில் டீசல் செலவு கழித்து மிச்சத்தைப் பிரிக்கும்போது ஆளுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, படகுக்குப் பங்கு. படகின் பங்கு யார் வீட்டுக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும். அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ், ஒப்புதல் கடிதம், மீன்வளத் துறைப் பதிவில் பெயர் மாற்றம். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பழைய எழுத்தருக்கு இதைவிடச் சுகமான ஓய்வுக்காலம் கிடையாது.

இதையெல்லாம் ஓடி ஓடிச் சேர்த்த நாட்களில் சட்டத்தையும் கொஞ்சம் புரட்டினேன். கடல்சார் காப்பீட்டுக்கு நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1906-ல் செய்ததை அடியொற்றியது. அந்த இங்கிலாந்துச் சரக்கின் பூர்வீகமோ, லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் 1680-களில் நடத்திய காப்பிக் கடை. கப்பல்காரர்களும் பணக்காரர்களும் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே இந்தக் கப்பல் திரும்பி வருமா வராதா என்று கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆபத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டு வரி போட்டதும் ஏறக்குறைய அதே வேலைதான். வித்தியாசம், அவர்கள் கப்பல் போவதற்கு முன்னால் வசூலித்தார்கள், இவர்கள் போன பின்னால். முன்னால் வசூலித்தவர்கள் லாபம் பார்த்தார்கள்.

1963 சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வழக்கமான தேய்மானத்தால், வழக்கமான கசிவால், பொருளின் இயல்பிலேயே உள்ள குறையால் வரும் நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை. எலியாலும் பூச்சி புழுக்களாலும் வரும் நஷ்டத்துக்கும் பொறுப்பில்லை, பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. தம்பியிடம் படித்துக் காட்டினேன். “எலி வலையைத்தாண்ணே கடிக்கும், போட்ட எங்க கடிக்கும்?” என்றான். பிறகுதான் தெரிந்தது, வலைக்கு இந்தப் பாலிசியில் இடமே இல்லை. குப்பத்தில் பல வீடுகளில் படகைவிட வலைக்குத்தான் காசு அதிகம் போகிறது. எலிக்குச் சட்டத்தில் கிடைத்த இடம் வலைக்குப் பாலிசியில் கிடைக்கவில்லை.

இன்னொன்று, காப்பீடு கேட்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான விவரம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்கிறது சட்டம். முழு நல்லெண்ணம் இரண்டு தரப்புக்கும் கடமை. ஒளித்துவைத்துப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் பாலிசி செல்லாமல் போகலாம். இதை நான் தம்பிக்கு விளக்கியது வினையாயிற்று. சர்வேயர் வந்து கடற்கரையில் படகைச் சுற்றி வந்தபோது தம்பி நல்லெண்ணத்தின் உச்சத்தில் நின்றான். இங்கே ஒருமுறை பாறையில் தட்டியது, இங்கே ஒருமுறை மாற்றான் படகு இடித்தது, இந்த ஒட்டு மழைக்காலத்தில் கசியும், இந்த இடத்தில் சின்ன வயதில் என் மகன் ஆணி அடித்தான். சர்வேயர் எழுதிக்கொண்டே போனார். நான் கண்ணால் சாடை காட்டினேன்; அவன் பார்க்கவில்லை. முடிவில் சர்வேயரே, “போதும்ங்க, இவ்வளவு போதும்” என்றார். அவர் படகைத் தட்டிப் பார்த்து, கயிறு, நங்கூரம், உயிர்காப்பு அங்கி எல்லாம் பார்த்து, “நல்லாத்தான் வச்சிருக்கார்” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அறிக்கையில் அந்த வாக்கியத்துக்குப் பெட்டி கிடையாதாம். வயதுக்குப் பெட்டி இருந்தது.

என் வீட்டு வாசலில் ஒரு பழைய டி.வி.எஸ். 50 நிற்கிறது. அதன் வயதைச் சொன்னால் என் வயது தெரிந்துவிடும். புகை விடும், ஏற்றத்தில் நான்தான் அதைத் தள்ள வேண்டும். ஆனால் அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு வருஷாவருஷம் கேள்வி கேட்காமல் கிடைக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லக் கம்பெனிக்கு வழியில்லை. மீன்பிடிப் படகின் உடலுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் காப்பீடு என்பது சலுகை. சலுகையைப் பழைய படகுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை படகில் ஏறும் மனுஷனுடையது. பிரதமரின் மீன்வளத் திட்டம் 2020-ல் வந்தது. அதன் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமுற்றாலோ 5 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. பிரீமியத்தை மத்திய மாநில அரசுகளே கட்டுகின்றன. நல்ல திட்டம், கை எடுத்துக் கும்பிடலாம். கருவாட்டுக் கூடைக்காரிகள் காலத்தில் இது இருந்திருக்க வேண்டும். ஆனால் தம்பி கணக்கு வேறு மாதிரிப் போடுகிறான். “நான் போயிட்டா அஞ்சு லட்சம். போட்டு போயி நான் நீந்தி வந்துட்டா ஒண்ணுமில்ல. நீந்தி வர்றவனுக்குத்தாண்ணே நஷ்டம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

இன்னொரு இடத்தில் ஒரு முகவர் நம்பிக்கை கொடுத்தார். பழைய படகுக்கும் போடலாம், ஆனால் முழு இழப்புக்கு மட்டும். தம்பி தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினான்.

“பாதி உடைஞ்சா?”

“வராது.”

“அப்ப முழுசா முழுகணும்.”

“முழுசா முழுகினதுக்கு ஆதாரம் வேணும்.”

“கடலுக்கு அடியில போட்டோ யாரு சார் எடுக்கறது?”

முகவர் கோபப்படவில்லை. கடலோரக் காவல் நிலையத்தில் புகார், மீன்வளத் துறைக்குத் தகவல், கூடப் போன படகுக்காரர்களின் வாக்குமூலம், சர்வேயர் அறிக்கை என்று வரிசையாகச் சொன்னார். நியாயம்தான். படகை எங்கேயோ விற்றுவிட்டு முழுகிப்போச்சு என்று சொன்ன ஆட்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் செய்ததற்கெல்லாம் சேர்த்துத்தான் தம்பி ஆதாரம் சேகரிக்கிறான். பிரீமியம் எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று கடைசியில் ஒரு தாள் வந்தது. மதிப்பாகப் போட்டிருந்த தொகை, அடிப்பகுதிக்கு மேட் போட்டு ரெசின் அடித்த செலவையே முழுசாகத் தொடவில்லை. அதிலும் ஒரு பகுதியை உரிமையாளரே சுமக்க வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் செஞ்சிக் கோட்டையைக் கடந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலையையும் வளைத்த மதில். சிவாஜி 1677-ல் பிடித்தது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு மொகலாயரை 1698 வரை இழுத்தடித்த கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இடிந்த மதிலுக்கும் பாசி பிடித்த குளத்துக்கும் அன்றிலிருந்து மவுசு. கல்லுக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறுகிறது. பைபருக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்குகிறது. எங்கள் அம்மன் இதில் கெட்டிக்காரி: மாசித் திருவிழாத் தேரை ஆண்டுதோறும் புதிதாகச் செய்யவைத்துவிடுகிறாள். அவள் வண்டிக்குத் தேய்மானம் போட எவனாலும் முடியாது.

மனுஷர்களுக்கு ஆண்டுதோறும் புதுப் படகு கட்டுப்படியாகாது. தம்பி அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு சில நாள் யோசித்தான். பிறகு பணம் கட்டினான். ஏன் கட்டினாய் என்று கேட்டேன். “இவ்வளவு பாரம் எழுதியிருக்கீங்கண்ணே, சும்மா விடலாமா?” என்றான். காப்பீட்டுத் துறை இதைவிடப் பலவீனமான காரணத்துக்காக ஒரு பாலிசியை விற்றிருக்காது.

ஆனால் அவன் கட்டியதைப் பார்த்துக் குப்பத்தில் வேறு யாரும் கட்டவில்லை. தாளில் இருந்த மதிப்பைக் கேட்டவுடன் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான படகுகளும் ஒன்றாகச் சேர்ந்தால் கம்பெனிக்கு வியாபாரம், படகுக்காரர்களுக்குப் பாதுகாப்பு. தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவனும் தொந்தரவு பிடித்த பழைய படகுக்காரன். லண்டன் காப்பிக் கடையில் மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் புரிந்த கணக்கு இது. 1973-ல் நாடு முழுக்க இருந்த 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை அரசு நாலு கம்பெனிகளாக்கியபோதும் சாதாரண சனத்துக்கு எட்டவைப்பது என்றுதான் சொன்னார்கள். கடற்கரை மணலில் அது எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதை மரக்காணத்துக் குப்பங்களில் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

வழி இல்லாமல் இல்லை. மீன்வளத் துறை அதிகாரிகள் ஆண்டுதோறும் கடற்கரைக்கு வந்து படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். பதிவு எண் பார்க்கிறார்கள், இன்ஜின் பார்க்கிறார்கள், டீசல் மானியத்துக்கு அந்த ஆய்வு செல்லுபடியாகிறது. அதே ஆய்வில் அடிப்பகுதி, கயிறு, நங்கூரம், ஒட்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, படகு கடலுக்குத் தகுதி என்று ஒரு தாள் கொடுத்தால், சிறிய படகுகளுக்கு அதையே சர்வே அறிக்கையாகக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளலாம். என் அப்பா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குப் பயந்து கயிறு மாற்றியவர்கள் உண்டு. பிரீமியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பதற்கும் 2020 திட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து அல்லது மீனவர் கூட்டுறவுச் சங்கம் மூலமாகக் குப்பத்துப் படகுகள் மொத்தத்துக்கும் ஒரே பாலிசி என்று ஆக்குவதற்கு யாராவது ஒரு கலெக்டர் மனது வைத்தால் போதும்.

அதுவரைக்கும் பழைய படகு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எழுத்தரின் வேண்டுகோள். குழுவாக வாங்கிய படகென்றால் இருப்பவர்கள் இருக்கும்போதே பெயரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ரெசின், மேட், இன்ஜின் எது வாங்கினாலும் பில் வாங்கி, மை மங்குவதற்குள் நகல் எடுத்து வையுங்கள். வேலை பார்த்த பிறகு படகை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பாலிசி முழு இழப்புக்கு மட்டுமா, பழுதுக்கும் உண்டா, வலைக்கு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சர்வேயர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள். மகன் ஆணி அடித்த கதை அவருக்கு வேண்டாம்.